பாறையில் ஒரு பூங்கா

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டால் அவையே பாலையாகும் என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, பாலை என்றதும் மணலும் ஒட்டகமும் கானல் நீரும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. பூங்கா நினைவுக்கு வருவதேயில்லை. ஆனால் தோழியரே, நான் கண்ட பூங்காக்களிலேயே மறக்க முடியாதவை தார்ப் பாலைவனத்தின் ஓரத்திலுள்ள ஜோத்பூர் நகரில்தான் இருக்கின்றன.

என் தந்தையார் ராணுவத்தில் பணிபுரிகிறார். இரண்டு ஆண்டுகளாக அவருக்கு ஜோத்பூரில் வேலை. சென்ற கோடை விடுமுறையில் அம்மாவும் தம்பியும் நானும் இரண்டு இரவுகள் ரயிலில் பயணம் செய்து அங்குச் சென்றோம். நம் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்கிறது; ஜோத்பூரில் பெய்வதோ சுமார் 36 செ.மீ. தான். மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. பகல் முழுவதும் கதவுகள் அடைத்தே கிடக்கின்றன. ஆனால் பொழுது விடியும் முன்னரும் வெயில் தாழ்ந்த பின்னரும் ஊரே வெளியில் வந்துவிடுகிறது. நிழலையும் நீரையும் தேடிக் குடும்பம் குடும்பமாகச் செல்கிறார்கள். பூங்கா அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. மூச்சு விடும் இடம்.

நாங்கள் முதலில் சென்றது மண்டோர் தோட்டம். நகருக்கு வடக்கே சுமார் 9 கி.மீ. தொலைவில் உள்ளது. 1459ஆம் ஆண்டில் ராவ் ஜோதா என்ற அரசர் ஜோத்பூரை நிறுவும்வரை மண்டோர்தான் மார்வார் நாட்டின் தலைநகரம். மறைந்த அரசர்களுக்குச் செந்நிறக் கல்லில் கோயில் கோபுரங்களைப் போன்ற நினைவு மண்டபங்களை அங்கு எழுப்பியிருக்கிறார்கள். அவற்றைச் சுற்றிலும் மரங்களும் புல்வெளிகளும். கருமுகக் குரங்குகள் கூட்டங் கூட்டமாக உலவுகின்றன. தம்பியின் கையிலிருந்த வாழைப்பழம் கண் இமைக்கும் நேரத்தில் மறைந்தது!

மறுநாள் மாலை கைலானா ஏரிக்குச் சென்றோம். 1872இல் பிரதாப் சிங் என்பவர் அமைத்த ஏரி அது. வறண்ட பாறைகளுக்கிடையே அவ்வளவு தண்ணீரைக் கண்டதும் அம்மா, “நம்ம ஊர்க் கண்மாய் நிறைஞ்சு எத்தனை வருஷமாச்சு!” என்று பெருமூச்சு விட்டார்கள். இந்திரா காந்தி கால்வாய் வழியாக வெகு தொலைவிலிருந்து வரும் நீரும் இங்கு வந்து சேர்கிறதாம். நகர மக்கள் குடிப்பது இந்த நீரைத்தான்.

ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காதான். மேரன்கர் கோட்டையின் அடிவாரத்தில் 72 ஹெக்டேர் பரப்பில் அது அமைந்துள்ளது. விடியற்காலையில் உள்ளே நுழைந்ததும் தம்பி, “ஊஞ்சல் எங்கேப்பா?” என்று கேட்டான். ஊஞ்சலும் இல்லை, சறுக்கு மரமும் இல்லை, புல்தரையும் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை பாறை! 70 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலையிலிருந்து பிறந்த பாறைகள் அவை. நடுவே நடைபாதைகள். பாறை இடுக்குகளில் கள்ளிகளும் முட்புதர்களும். கோடையாதலால் பெரும்பாலானவை இலை உதிர்த்து நின்றன. இதையா பூங்கா என்கிறார்கள் என்று அம்மா என்னைப் பார்த்தார்கள்.

வழிகாட்டி இந்தியில் சொல்ல, அப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன்வரை இந்த இடம் முழுவதையும் ஒரே ஒரு முள்மரம் அடைத்துக்கொண்டிருந்ததாம். அதை அவ்வூரில் ‘பாவ்லியா’, அதாவது பித்துப் பிடித்தது என்கிறார்கள். 1930களில் மகாராஜா உமைத் சிங் விமானத்திலிருந்து அதன் விதைகளைத் தூவினார் என்பது அங்கு வழங்கும் செய்தி. நாடு பசுமையாகட்டும் என்ற நல்ல எண்ணந்தான். ஆனால் அது மற்றச் செடிகள் எதையும் வாழவிடவில்லை. பூங்காவின் ஓரத்தில் நின்ற ஒரு மரத்தை வழிகாட்டி சுட்டிக்காட்டினார். பார்த்தவுடனே நானும் தம்பியும் ஒரே குரலில், “சீமைக் கருவேலம்!” என்று கூவிவிட்டோம்.

எங்களுக்கு அது தெரியாமல் இருக்குமா? எங்கள் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ளது. அப்பத்தாவின் ஒன்றரை ஏக்கர் புஞ்சையில் இன்று அந்த மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்து வெட்டிச் செல்கிறார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் துளிர்த்துவிடும். அந்தக் கரியினால் எங்கள் ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது என்பதும் உண்மை. ஆகவே அந்த மரத்தை வாய்க்கு வந்தபடி ஏச எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நிலத்தை இனி விற்றுவிட வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அப்பத்தாவோ பதில் பேசுவதேயில்லை.

பூங்காவில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2006ஆம் ஆண்டில் வேலையைத் தொடங்கினார்கள். மரங்களைப் பற்றி நூல்கள் எழுதிய பிரதீப் கிருஷன் என்பவர் இதற்குத் தலைமை தாங்கினார். மரத்தை வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். வேரோடு எடுத்தால்தான் ஒழியும். ஆனால் வேரோ பாறைக்குள் ஆழமாகப் பாய்ந்திருந்தது. அப்போது கைகொடுத்தவர்கள் ‘கண்ட்வாலியா’ எனப்படும் கல் உடைக்கும் தொழிலாளர்கள். அவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் காதால் கேட்டே விரிசல் எங்கே என்று கண்டுபிடித்து, உளியால் பாறையைப் பிளந்து வேரைக் கெல்லி எடுத்தார்கள். பள்ளிக்கூடம் கற்றுத்தராத என்னே ஒரு கல்வி! வேர் இருந்த அதே குழிகளில் பாலைக்கே உரிய செடிகளை நட்டார்கள். 2011இல் பூங்கா மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வெளியிலிருந்து புல்லும் பூவும் கொண்டுவந்து ஒட்டவைக்கவில்லை. உரிய செடிகளுக்கு உரிய இடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மழைக்காலத்தில் வந்து பாருங்கள், பாறையே தெரியாது என்று வழிகாட்டி பெருமையுடன் சொன்னார்.

ஊர் திரும்புமுன் கேஜர்லி என்ற கிராமத்திற்கும் அப்பா எங்களை அழைத்துச் சென்றார். 1730இல் அரண்மனைக்குச் சுண்ணாம்பு காய்ச்ச விறகு வெட்ட வந்த ஆட்களை அமிர்தா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டியணைத்துத் தடுத்தார். அவரையும் அவரைத் தொடர்ந்தவர்களையும் சேர்த்து பிஷ்னோய் மக்கள் 363 பேர் அன்று உயிர் நீத்தனர். இன்று அவ்விடத்தில் நினைவுச் சின்னமும் மர நிழலும் உள்ளன. ஊரே வாடிக் கிடந்த அந்தக் கோடையிலும் அவர்கள் காத்த கேஜ்ரி மரம் பச்சைப் பசேலென்று தளிர் விட்டு நின்றது. அதன் காய்களைக் காயவைத்துச் சமைக்கிறார்கள். தழை ஆடு மாடுகளுக்குத் தீவனமாகிறது. அந்தக் கேஜ்ரி வேறெதுவும் அன்று, நம் வன்னி மரம்தான்! விருத்தாசலம் கோயிலின் தலமரமும் வன்னியே. சீமைக் கருவேலத்திற்கு அது நெருங்கிய உறவு. ஒன்று மற்றச் செடிகளை விரட்டுகிறது; மற்றொன்றின் நிழலிலோ கம்பும் விளைகிறது.

அப்பா விடுப்பில் வந்தபோது புஞ்சையில் கால் பங்கை மட்டும் வேரோடு தோண்டிச் சுத்தம் செய்தோம். கரிமூட்டக்காரர்களே கூலிக்கு வந்து தோண்டினார்கள், விறகும் அவர்களுக்கே. 20 வன்னிக் கன்றுகள் நட்டோம். இன்று 13 கன்றுகள் உயிரோடு இருக்கின்றன. மூன்று ஆண்டுகள் போகட்டும், பிறகு விற்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று அப்பா கடிதம் எழுதியிருக்கிறார். அப்பத்தா இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுகிறார்கள்.