நெய்வேலி வட்டத்திலிருந்து கியூசூத் தீவுக்கு

விருத்தாசலத்திலிருந்து கடலூர் செல்லும் இருப்புப் பாதையில் பயணம் செய்வோர், முந்திரித் தோப்புகளையும் செம்மண் மேடுகளையும் கடந்தபின், மரங்களின் தலைக்கு மேலே உயர்ந்த புகைபோக்கிகள் எழுந்து நிற்பதைக் காண்பர். அதுவே நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது நீரோடு ஒரு கரிய பொருளும் வெளிப்பட்டது என்பது இவ்வூரார் அனைவரும் அறிந்த வரலாறு. 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரிக் கழகம் அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரிப் படிவம் வெயிலைக் கண்டது. 1962-இல் சோவியத் நாட்டு உதவியுடன் அமைந்த முதல் மின் எந்திரம் சுழன்றது.

நிலக்கரியைத் தேடி வந்தவர்களுக்காக எழுந்த நகரியத்தில் தெருவின் பெயரைக் காட்டிலும் வட்டத்தின் எண்ணே முகவரி. “எந்த வட்டம்?” என்பதே இங்கு இருவர் சந்தித்தால் எழும் முதல் வினா. தஞ்சையாரும் நெல்லையாரும் வடஆர்க்காட்டாரும் கேரளத்தாரும் ஒரே வேலி ஓரத்தில் முருங்கை நட்டு வளர்த்த ஊர் இது. ஆயினும் இங்கே குடியிருப்போருக்கு வீடு சொந்தமன்று. பணி ஓய்வு பெற்றவர் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். மாமரம் காய்க்கும் பருவத்தில் மரத்தை நட்டவர் வேறு ஊரில் இருப்பார். ஆகவே, புதிய இடத்தில் குடியேறுவது எப்படி, அதைவிட்டு நீங்குவது எப்படி என்னும் இரு பாடங்களையும் நெய்வேலிப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கற்றுக் கொள்கின்றனர்.

அத்தகைய பிள்ளைகளுள் ஒருவர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன், மேற்படிப்புக்காக ஜப்பான் நாட்டின் பெருந்தீவுகளுள் தென்கோடியில் உள்ள கியூசூவுக்குச் சென்றார். 1911-இல் தோன்றிய கியூசூப் பல்கலைக்கழகம் அங்கே புகுவோகா நகரில் உள்ளது. நிலவளப் பொறியியல் கற்பிக்கும் பழம்பெரும் கல்விக்கூடம் அது. 2024 ஏப்ரல் முற்பகுதியில் நாகசாகித் திருத்தலங்களைத் தரிசிக்கும் பேறு நமக்குக் கிட்டியது. அப்போது, அங்கு வந்திறங்கிச் சில நாட்களே ஆகியிருந்த அத்தம்பியுடன் தங்கும் வாய்ப்பும் வாய்த்தது. பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்ப எண்ணும் குடும்பங்கள் நம் பங்குகளில் இன்று பல உள்ளன. அவர்களுக்குப் பயன்படுமென்று நாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

புகுவோகா விமான நிலையத்திலேயே, நீண்ட காலம் தங்க வரும் அயல்நாட்டாருக்கு ‘வதிவு அட்டை’ ஒன்றைத் தருகின்றனர். அதை எப்போதும் உடன் வைத்திருத்தல் சட்டம். குடிபுகுந்த 14 நாட்களுக்குள் அந்தப் பகுதியின் நகராட்சி அலுவலகம் சென்று முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர வேண்டும். அதில் சேர்ந்தவர் நோயுற்றால் மருத்துவச் செலவில் பத்தில் மூன்று பங்கு மட்டும் செலுத்தினால் போதும்.

இவ்வலுவலகத்தில்தான் நம் தம்பிக்கு முதல் திகைப்பு ஏற்பட்டது. தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே நம் தலைப்பெழுத்து. ஆனால் கடவுச்சீட்டில் அவ்வெழுத்தை விரித்துத் தந்தையின் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிடுகின்றனர். ஜப்பானியரோ ஒருவரைக் குடும்பப் பெயரால் அழைத்து, ‘சான்’ என்னும் மரியாதைச் சொல்லைச் சேர்ப்பவர்கள். ஆதலின் அலுவலகத்திலும் வகுப்பிலும் வங்கியிலும் அவரைத் தந்தையின் பெயராலேயே அழைத்தனர். “முதல் இரண்டு நாள், அப்பாவைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன், சாமி. இப்போது அது பழகிவிட்டது. கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அப்பா நினைவுக்கு வருகிறார்” என்றார் அவர். அத்தந்தை பணி ஓய்வு பெற அப்போது இரண்டே ஆண்டுகள் இருந்தன.

முகவரி விஷயத்தில் மட்டும் நெய்வேலிப் பிள்ளைக்குத் தடுமாற்றமே இல்லை. ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. பகுதி, அதனுள் வட்டம், அதனுள் மனை எண் என்றே முகவரி அமைகிறது. பிற நாட்டு மாணவர் தெருப் பெயரைத் தேடி அலைந்தபோது, நம்மவர் எண்களைப் பின்பற்றி நேரே அறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அந்த அறையோ வெறும் அறை. வாடகை வீடுகளில் மேற்கூரை விளக்கும் திரைச்சீலையும்கூடக் குடிவருபவரே வாங்கி மாட்டிக்கொள்வது அந்நாட்டு வழக்கம். எரிவாயு வேண்டுமெனில் முன்கூட்டியே தெரிவித்து, வாயு நிறுவனத்தின் ஆள் வரும் நேரத்தில் வீட்டில் இருத்தல் வேண்டும். தென்னகத்துக்கே மின்சாரம் அனுப்பும் ஊரில் பிறந்தவர், அயல்நாட்டில் தம் முதல் இரவைக் கைப்பேசியின் வெளிச்சத்தில் கழித்தார். நெய்வேலியில் வெயில் கொளுத்தும் அம்மாதத்தில் அங்கே இரவுக் குளிர் பத்துப் பாகை அளவில் இருந்தது.

குப்பை போடுவதும் அங்கே ஒரு கலை. எரியத்தக்கது, எரியாதது, புட்டிகள் எனப் பிரித்து, நகராட்சி குறித்த பைகளை விலைக்கு வாங்கி, குறித்த நாளில் வைத்தல் வேண்டும். மற்ற ஊர்களில் காலையில் குப்பை எடுப்பர். புகுவோகாவிலோ இரவில் எடுக்கின்றனர். சூரியன் மறைந்தபின் நள்ளிரவுக்குள் வெளியே வைக்க வேண்டும். நம் தம்பி காலையில் வைத்த பை மாலைவரை அங்கேயே கிடந்தது. அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் கடிந்து கொள்ளாமல், படம் போட்ட நாட்காட்டி ஒன்றைக் கொண்டுவந்து கதவருகே நின்று, விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி விளக்கினாராம். இருவருக்கும் பொதுமொழி இல்லை. ஆயினும் அன்று முதல் வழியில் காணும்போதெல்லாம் இருவரும் தலை தாழ்த்தி வணங்கிக் கொள்கின்றனர்.

மொழி பற்றிச் சில சொற்கள். எழுத்து மலைப்பைத் தருவது உண்மையே. இருவகை அசை எழுத்துகள், ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை எழுத்துகள். அவற்றின்மேல் அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த சீன எழுத்துகள் 2136. ஆயின் வாக்கிய அமைப்பு தமிழர்க்கு அயலானதன்று. “வாத்தாஷி வா நெய்வேரி கரா கிமாஷித்தா” என்றால் “நான் நெய்வேலியிலிருந்து வந்தேன்” என்று பொருள். ‘கரா’ என்பது நம் ‘இலிருந்து’ போலவே ஊர்ப்பெயரின் பின்னே வந்து நிற்கிறது. வினைச்சொல் நம்முடையது போலவே இறுதியில் வருகிறது. அவர்களுக்கு லகரமும் ரகரமும் ஒன்றே. ஆதலின் நெய்வேலி அங்கே நெய்வேரி ஆயிற்று. சுசுமு ஓனோ என்னும் ஜப்பானியப் பேராசிரியர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று பல்லாண்டு ஆராய்ந்து எழுதினார். மொழியியலார் பலர் அதனை ஏற்கவில்லை. எனினும், வாக்கியத்தை எந்த வரிசையில் அடுக்குவது என்று தமிழ் மாணவர் திணற வேண்டியதில்லை என்பது கண்கூடு.

நிற்க. பணத்தைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரையை முடித்தல் தகாது. ஜப்பானில் தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வகுத்துள்ள அடிப்படைக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென். சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென். இதன்மேல் வாடகையும் உணவும் உண்டு. நம் தம்பிக்குக் கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடி கிடைத்திருந்தது. மீதியைத் தந்தை கடன் பெற்றுக் கட்டியிருந்தார். மாணவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அதற்கு மேல் செய்தால் தங்கும் உரிமையையே இழக்க நேரிடும். அறைக்கு அருகே வசித்த ஒருவர், உணவுப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை உண்டென்றும், இரண்டு இடங்களில் பிரித்துச் செய்தால் யாரும் எண்ண மாட்டார்கள் என்றும் ஆசை காட்டியிருந்தார். “அப்பா ஓய்வு பெறும் முன் கடனை அடைத்துவிடலாம் அல்லவா, சாமி?” என்று அவர் நம்மிடம் கேட்டார்.

பிள்ளையின் எண்ணம் நல்லதே, வழிதான் தவறு. அக்கடன் அவரைப் படிக்க வைக்கவே வாங்கப்பட்டது என்பதையும், இரவெல்லாம் விழித்தவன் பகலில் என்ன கற்பான் என்பதையும் எடுத்துரைத்தோம். தந்தையிடமே கேட்குமாறும் கூறினோம். அன்றிரவே பேசினார். அங்கே ஒன்பது மணி. நெய்வேலியில் மாலை ஐந்தரை. தந்தையார் முதல் ஷிப்ட் முடிந்து வீட்டில் இருந்தார். “நீ படி. கடனை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று இரண்டே வாக்கியத்தில் முடித்தார். சிறிது நேரம் பேசாதிருந்து, “சாப்பிட்டாயா?” என்று கேட்டார்.

அச்சனிக்கிழமை நாமும் அவரும் புகுவோகாவிலிருந்து இரயிலில் ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஓமுத்தா நகருக்குச் சென்றோம். மீக்கே நிலக்கரிச் சுரங்கம் அங்கேதான் இருந்தது. ஒரு காலத்தில் ஜப்பானின் தொழில்வளத்துக்கே ஊற்றாய் விளங்கிய சுரங்கம் அது. 1963 நவம்பர் 9 அன்று ஏற்பட்ட வெடிவிபத்தில் 458 பேர் மாண்டனர். மேலும் நூற்றுக்கணக்கானோர் நச்சு வாயுவால் வாழ்நாள் நோயாளிகள் ஆயினர். 1997-இல் சுரங்கம் மூடப்பட்டது. இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்த நகரின் மக்கள் தொகை இன்று ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. மியானோஹாரா என்னுமிடத்தில் பழைய இரும்புத் தூக்குக் கோபுரமும் செங்கல் கட்டடமும் எஞ்சி நிற்கின்றன. 2015-இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்களுடன் சேர்க்கப்பட்டன.

கோபுரத்தின் கீழே நம் தம்பி நெடுநேரம் நின்றார். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றதையும், அதே ஆண்டு மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்ததையும் நாம் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை. “நம் ஊர் நிலக்கரி தீர்ந்தபின் நம் வட்டங்கள் என்ன ஆகும், சாமி?” என்று கேட்டார். விடை நம்மிடம் இல்லை. ஆனால் சுரங்கம் தோண்டி முடிந்த நிலத்தை மீண்டும் மரம் வளரும் நிலமாக்கும் முறையைத்தான் தாம் கற்கப் போவதாக அவர் சொன்னார். சுரங்கத்துக்காக ஊரையும் வயலையும் கொடுத்துவிட்டுப் பெயர்ந்து சென்ற உழவர் குடும்பங்களை நாம் நினைத்துக் கொண்டோம். அந்நிலம் ஒரு நாள் மீண்டும் பச்சையாகுமானால், அதில் இப்பிள்ளையின் கையும் இருக்கட்டும் என்று வேண்டினோம்.

ஞாயிறன்று திருப்பலிக்குச் சென்றோம். கோவில் நிறைய வியட்நாமியரும் பிலிப்பீன்ஸ் மக்களும் ஜப்பானியருடன் அமர்ந்திருந்தனர். இத்தீவின் ககோஷிமாத் துறையில்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று புனித சவேரியார் கரையிறங்கினார். நம் முத்துக்குளித்துறையில் தமிழில் மந்திரம் கற்பித்த அதே சவேரியார்! அவரை அங்கே அழைத்துச் சென்ற அஞ்சிரோ என்னும் ஜப்பானியர், முன்னர்க் கோவாவிலுள்ள புனித பவுல் கல்லூரியில் வந்து தங்கிக் கற்றவர். 1548-இல் அங்கேயே திருமுழுக்குப் பெற்றவர். படிப்புக்காக நம் தம்பி ஜப்பான் சென்றதற்கு ஏறத்தாழ 475 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு ஜப்பானியர் படிப்புக்காக இந்தியாவுக்கு வந்துவிட்டார். நாகசாகிக் குன்றில் 1597 பிப்ரவரி 5 அன்று சிலுவையில் உயிர் துறந்த 26 மறைசாட்சிகளுள் நம் நாட்டு வசை நகரில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் ஒருவர். கடல் கடந்த மண்ணும் நமக்கு முற்றிலும் அந்நியமன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

இனி, பெற்றோர்க்குச் சில சொற்கள். ஜப்பான் அரசின் கல்வி அமைச்சு 1954 முதல் அயல்நாட்டு மாணவர்க்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. நம் நாட்டிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தின் வழியாகவும் அதற்கு விண்ணப்பிக்கலாம். முதலில் அதை நாடுங்கள். இடைத்தரகர் எவரேனும் “வேலை செய்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம்” என்றால், 28 மணி நேர விதியை அவருக்கு நினைவூட்டுங்கள். புறப்படுமுன் அடிப்படை மொழித் தேர்வுக்காவது பிள்ளை ஆயத்தமாகட்டும். அத்தேர்வு சென்னையிலேயே நடைபெறுகிறது. பெட்டியில் இறைச்சியும் பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் வைக்க வேண்டாம். உரிய சான்றிதழின்றி அவற்றை உள்ளே விடமாட்டார்கள். சோறு வடிக்கவும் ஒரு குழம்பு வைக்கவும் மகனாயினும் மகளாயினும் கற்றுச் செல்லட்டும்.

நம் பங்கு மக்களுக்கும் ஒன்று கூறுவோம். அந்த மூதாட்டி நாட்காட்டியுடன் வந்து நின்றதுபோல, நம் வாசலிலும் புதியவர் வந்து நிற்கின்றனர். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வரும் இளைஞர்கள் நெய்வேலியில் இறங்கி, எந்த வட்டம், எந்தக் கடை, எந்தப் பேருந்து என்று தெரியாமல் தவிப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். அவர்களுக்கும் தாய் தந்தையர் உண்டு. அவர்களும் மாலையில் தொலைபேசி மணிக்காகக் காத்திருப்பர். வருகிற ஞாயிறு திருப்பலிக்குப்பின் கோவில் முற்றத்தில் முன்பின் அறியாத முகம் ஒன்றைக் கண்டால், அவரிடம் பெயரைக் கேளுங்கள். வீட்டுக்கு அழைத்து ஒருவேளை சோறு இடுங்கள்.