சொல்லுக்குள் மறைந்த ஊர்

காரைக்கால் மாவட்டத்தில், பத்திரகாளியம்மன் கோயிலால் பெயர்பெற்ற சிற்றூர் அம்பகரத்தூர். அம்மாவட்டத்து ஊர்ப்பெயர்களைத் தொகுக்க விழையும் ஒருவர், நீண்ட ஆவணம் ஒன்றைக் கணினியின் உரைத்தொகுப்பியில் திறந்து, ‘ஊர்’ என்னும் சொல்லைத் தேடுவதாகக் கொள்க. அம்பகரத்தூர் அகப்படாது, சேத்தூரும் விழிதியூரும் அகப்படா. ஆவணத்தில் உள்ள ஊர்கள் தொகுப்பில் இடம்பெறாமல் போகும்.

இதற்குக் காரணம் தமிழின் புணர்ச்சி இயல்பே. ‘த்’ என்னும் மெய்யோடு ‘ஊ’ சேர்ந்து ‘தூ’ ஆகிறது. விழிதியூரில் யகர உடம்படுமெய் தோன்றி ‘யூ’ ஆகிறது. உயிரெழுத்துத் தன் தனிவடிவை இழந்து, மெய்யின்மேல் ஏறிய குறியாக நிற்கிறது. கொடுத்த எழுத்துகளை அப்படியே ஒப்பிடும் எளிய தேடல் இம்மாற்றத்தை அறியாது.

இக்குறையைப் போக்க உதவுவது ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ எனப்படும் வடிவத்தேடல். இதன் கணித அடிப்படையை 1951ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் கிளீனி வகுத்தார். பெல் ஆய்வகத்தைச் சார்ந்த கென் தாம்சன் அதனை உரைத்தொகுப்பியில் புகுத்தி, அதன் செயல்முறையை 1968இல் கட்டுரையாக வெளியிட்டார். இம்முறையில் தேடுபவர் ஒரு சொல்லைத் தருவதில்லை. சொற்களின் பொதுவடிவத்தைத் தருகிறார். சதுர அடைப்பினுள் சில குறிகளை இட்டால், அவற்றுள் ஏதேனும் ஒன்று வரலாம் என்பது பொருள். ‘ஊ’ என்னும் எழுத்தையும் ஊகாரக் குறியையும் அவ்வாறு இட்டு, அடுத்து ‘ர’ என அமைத்தால் அம்பகரத்தூரும் கிடைக்கும். ‘அம்பகரத்தூரில்’ என வேற்றுமை உருபு ஏற்ற வடிவமும் கிடைக்கும்.

எனினும், இவ்வசதியைத் தொகுப்பியில் சேர்ப்பதோடு பணி முடிவதில்லை. 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அம்முறையில் ‘தூ’ என்பது ஓர் எழுத்தன்று. ‘த’வும் ஊகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். புள்ளி பெற்ற மெய்யும் அவ்வாறே. ஆகவே, படிப்போருக்கு எட்டு எழுத்துகளாகத் தோன்றும் ‘அம்பகரத்தூர்’ கணினிக்குப் பன்னிரண்டு குறியீடுகள். வடிவத்தேடலில் ஒரு புள்ளி பொதுவாக ஒரு குறியீட்டையே சுட்டும். எட்டெழுத்துச் சொற்களைக் காண எட்டுப் புள்ளிகள் இட்டுத் தேடுபவருக்கு இப்பெயர் மீண்டும் நழுவிப்போகும். குறியையும் மெய்யையும் ஒன்றாக எண்ணும் வகையில் நிரலை அமைத்தால்தான் இக்குறை தீரும். அதற்கு நிரல் எழுதுவோர் தமிழ் எழுத்திலக்கணம் அறிந்திருத்தல் வேண்டும்.

அவ்வாறு செம்மையாக அமைத்த பின்னரும் ஊர்ப்பெயர்களோடு ‘தூரம்’, ‘கூரை’ போன்ற சொற்களும் திரண்டு வரும். கணினி வடிவத்தை மட்டுமே காண்கிறது. அவற்றுள் ஊர் எது, கூரை எது எனப் பிரித்தறிவது மொழியறிந்தவரின் கடமையாகவே எஞ்சி நிற்கிறது.