சிரட்டைக் குதிரையும் ஏரிப் பெண்ணின் கேள்வியும்

நியூயோர்க் நகரின் 44ஆம் வீதியில், 1913இல் திறக்கப்பட்ட ஷூபேர்ட் அரங்கு இருக்கின்றது. 2005 மார்ச் முதல் 2009 ஜனவரி வரை அங்கு ‘ஸ்பாமலொட்’ என்ற நகைச்சுவை இசை நாடகம் மேடையேறியது. ஆதர் மன்னன் புனிதக் கிண்ணத்தைத் தேடிய பிரித்தானியப் பழங்கதையைக் கேலி செய்யும் நாடகம் இது.

மன்னனுக்குக் குதிரை இல்லை. பின்னால் வரும் பணியாள் இரண்டு சிரட்டைகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்புவான். நாம் அகப்பை செய்யும் அதே சிரட்டைதான்!

பழங்கதையில் மன்னனுக்கு வாள் கொடுத்தவள் ஏரிப் பெண். நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் அவளை நெடுநேரம் காணமுடியாது. திடீரெனத் தனியே வந்து, தன் பாத்திரம் எங்கே போயிற்று என்று கோபமாகப் பாடுவாள். சபை சிரிக்கும். அப்பாத்திரத்தை ஏற்றவருக்கு 2005இல் ரொனி விருது கிடைத்தது.

சிரிப்பு அடங்கினாலும் கேள்வி நிற்கிறது. போர்க்கதைகளில் வாளேந்தியவர் பெயர் நிலைக்கும்; பிள்ளைகளைக் காத்தவள் பெயர் விடுபடும். சகோதரிகளே, எங்கள் பங்கை நாங்களே எழுதி வைப்போம்.