கேட்டவரும் கேளாதவரும்

108 என்று மூன்று எண்களை அழுத்தினால் ஆம்புலன்ஸ் வரும் என்பது இன்று நம் இல்லத்துச் சிறுவர்களுக்கும் தெரியும். தமிழகத்தில் அச்சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. மின்தடை குறித்துப் புகார் சொல்ல 2021 ஜூனில் ‘மின்னகம்’ வந்தது. வங்கிக்கு ஓர் எண், எரிவாயுவுக்கு ஓர் எண். நாம் எண்ணை அழுத்துகிறோம். எங்கிருந்தோ ஒரு பெண்மணி ‘வணக்கம்’ என்கிறார். அவர் எங்கே அமர்ந்திருக்கிறார், நம் குரல் எவ்வழியே அவரைச் சென்றடைகிறது என்று எண்ணிப் பார்ப்போர் அரியர். எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு 2020-ஆம் ஆண்டில் வாய்த்தது.

அவ்வாண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சென்னையின் அழைப்பு மையங்கள் தம் ஊழியரை வீட்டுக்கு அனுப்பின. வீட்டிலிருந்து அழைப்பேற்க அதுவரை தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் எளிதில் இடந்தரவில்லை. அவற்றை முதலில் தற்காலிகமாகத் தளர்த்தினர். நவம்பர் 5-இல் புதிய நெறிமுறைகளை வெளியிட்டுப் பெரும்பாலான கட்டுகளை அகற்றினர். இவ்வாறாக, உளுந்தூர்ப்பேட்டைக்கும் தியாகதுருகத்துக்கும் இடையே சேலம் நெடுஞ்சாலையில் கிடக்கும் நம் எலவனாசூர்கோட்டையிலும் ஒரு வீட்டுத் திண்ணையறை அழைப்பு மையமாயிற்று. நம் தெருப் பெண் ஒருத்தி காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுதும் பேசுவாள். அதே நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர் நம்மிடம் ஓதிய மாணவர். அவரும் ஊர் திரும்பியிருந்தார். அப்பெண்ணை அவ்வேலையில் சேர்த்துவிட்டவரும் அவரே.

இரு மாதங்களில் அப்பெண்ணின் மீது ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. மாலை 6 மணிக்கு மேல் வரும் அழைப்புகளில் பலவற்றை வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டித்துவிடுகிறாள் என்றனர். வீட்டிலிருந்து பணி செய்த வேறு சிலர் மீதும் அதே புகார். சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியது. மேற்பார்வையாளர் சொன்ன காரணம் நம் செவிக்கும் எட்டிற்று: அந்திநேரம், அடுப்பங்கரை வேலை, பெண்கள் எழுந்து போய்விடுகிறார்கள். அவள் தாயார் கண்ணீரோடு நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், குரல் கேட்கவில்லை என்று பிள்ளை சத்தியம் செய்கிறது, அவர்கள் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள்” என்றார்.

ஒலிப்பதிவு உண்மையிலேயே அவளுக்கு எதிராக இருந்தது. வாடிக்கையாளர் தெளிவாகப் பேசுகிறார். இவள் ‘ஹலோ, ஹலோ’ என்கிறாள். அவர், “கேட்குதும்மா, சொல்லுங்க” என்கிறார். இவள் மறுபடியும் ‘ஹலோ’ என்று சொல்லி இணைப்பைத் துண்டிக்கிறாள். இதைவிடத் தெளிவான சாட்சியம் எது வேண்டும் என்று எவருக்கும் தோன்றும்.

நம் மாணவருக்கு மட்டும் அது தெளிவாகத் தோன்றவில்லை. “ஹஜ்ரத், பதிவு செய்தது சர்வர். அதன் காதில் விழுந்ததுதான் அதில் இருக்கும். அந்தத் தங்கச்சியின் காதில் என்ன விழுந்தது என்பது அதில் இராது” என்றார். நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அவர் விளக்கியதை நாம் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறோம். முற்காலத் தொலைபேசியில் பேசுவோர் இருவருக்குமிடையே ஒரு கம்பிவழி தொடர்ந்து திறந்திருந்தது. இன்றைய அழைப்பு மையத்தில் பேச்சு 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, நொடிக்கு 50 பொட்டலங்களாக வலையமைப்பில் பயணம் செய்கிறது. மணி அடிப்பதும் எடுப்பதும் துண்டிப்பதும் ஒரு வழியில் செல்லும் செய்திகள். குரல் செல்வது வேறொரு வழி. ஆகவே மணி அடிக்கும், எடுக்கவும் முடியும், குரல் மட்டும் வராது. இப்பணிகளைச் செய்யும் மென்பொருள்களுள் பெயர்பெற்றது ‘ஆஸ்டெரிஸ்க்’. தொலைபேசி இணைப்பகம் வாங்கப் பணமில்லாத மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் 1999-இல் தாமே எழுதி எவரும் எடுத்தாள வெளியிட்டது அது. வறுமை சில வேளைகளில் இவ்வாறும் பயன் தருகிறது!

குரல் செல்ல முகவரி வேண்டுமன்றோ? இணைய முகவரிகள் பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடிதான். அவை உலகுக்குப் போதா. எனவே 192.168 என்று தொடங்குவன போன்ற சில முகவரிகளை வீட்டுக்குள் மட்டும் வழங்கும்படி ஒதுக்கிவிட்டனர். வாசலில் நிற்கும் ரூட்டர் வெளியுலகுக்குத் தன் முகவரியைக் காட்டும். உள்முகவரி நம் வீட்டிலும் உண்டு, அடுத்த வீட்டிலும் அதுவே உண்டு. இதைக் கேட்டதும் நமக்கு அரபு இலக்கணத்தின் ளமீர் நினைவுக்கு வந்தது. ‘அவன்’ என்றால் எவன்? சொல்லும் இடத்தில் இருப்பவனுக்குப் புரியும். அச்சொல்லைக் கிழித்தெடுத்து வேறூருக்கு அனுப்பினால் ‘அவன்’ யாருமில்லை.

நேர்ந்தது இதுதான். அப்பெண்ணின் கணினி, ‘குரலை 192.168.1.5-க்கு அனுப்பு’ என்று சர்வருக்கு எழுதுகிறது. சென்னைச் சர்வர் அதை அப்படியே நம்பி அனுப்புகிறது. குரல் எங்கும் போய்ச் சேரவில்லை. அவள் பேசுவதோ சர்வரின் வெளிமுகவரிக்குச் செல்வதால் தடையின்றி வாடிக்கையாளரை எட்டுகிறது. அவர் கேட்கிறார், இவள் கேளாள், இருவரையும் சர்வர் கேட்டுப் பதிவு செய்கிறது.

அப்படியானால் பகலில் ஏன் பழுதில்லை? இங்கேதான் அவர் மூன்று இரவு விழித்தார். நம் பாடசாலையில் மாணவன் ஒரு வாக்கியத்தைத் தவறாக வாசித்தால், தவறு காதில் விழுந்த சொல்லோடு நில்லாமல், எச்சொல் வரை சரியாக வந்தான் என்று பின்னோக்கிப் போவோம். அவரும் அவ்வாறே செய்தார். பழுதான அழைப்புகளை எல்லாம் எழுதி, ஊழியர் பெயரை மறைத்துவிட்டு, நேரத்தையும் சர்வரையும் மட்டும் பார்த்தார். அத்தனையும் இரண்டாவது சர்வர் வழியாக வந்தவை.

இரண்டாவது சர்வர் மாலை நெரிசலுக்கென வைத்தது. நெரிசலுக்கு ஒரு கணக்கு உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற கணித அறிஞர் 1917-இல் வெளியிட்டது. மணிக்கு 100 அழைப்பு, ஒவ்வொன்றும் 3 நிமிடம் எனில் 300 நிமிட வேலை. ஐவர் போதும் என்று தோன்றும். போதாது. அழைப்புகள் வரிசையாக வருவதில்லை, கொத்தாக வருகின்றன. ஐவரை மட்டும் வைத்தால் காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டே போகும். மாலைக் கொத்தை ஏந்தவே இரண்டாவது சர்வர். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே வீட்டுக்குள் இருந்த காலத்தில் அது பிழையின்றி ஓடிற்று. ஊழியர் வீடுகளுக்குப் போனபின் முதல் சர்வரில் ஒரு வரியைச் சேர்த்தவர்கள், இரண்டாவதில் சேர்க்கவில்லை.

அந்த வரியின் பொருள் இவ்வளவே: மடலுக்குள் எழுதிய முகவரியை நம்பாதே, மடல் எந்த வாசலிலிருந்து வந்ததோ அந்த வாசலுக்கே பதிலை அனுப்பு.

வயர்ஷார்க் என்னும் மென்பொருளில், பொட்டலங்கள் 192.168.1.5 நோக்கிப் புறப்படுவதை அவர் நமக்குத் திரையில் காட்டினார். வரிவரியாக ஓடிற்று; நொடிக்கு ஐம்பது. ஒரு மனிதர் “கேட்குதும்மா” என்று சொன்னது அவற்றுள் எங்கோ இருந்தது. வரியைச் சேர்த்தார். அன்று மாலை பழுதில்லை.

அத்தோடு அவர் நிற்காதது நமக்குப் பிடித்தது. பழுது நீங்கியது என்று மட்டும் நிர்வாகத்துக்கு எழுதினால் போதும் என்று மேலவர் கூறினராம். அவரோ பழுது தொடங்கிய நாள், பாதித்த அழைப்புகள், அவற்றுக்காகப் பிடித்தம் செய்யப்பட்டவர்கள் என்று பட்டியலிட்டு, அந்தியில் அடுப்பங்கரைக்குப் போனதாகச் சொல்லப்பட்ட வாக்கியத்தையும் திரும்பப் பெறுமாறு எழுதினார். வேலைக்கு ஆபத்து வரலாம் என்று அவருடைய தகப்பனார் தடுத்தும் கேட்கவில்லை.

பணியில் எஞ்சியிருந்தோருக்குப் பிடித்தம் அடுத்த மாதமே திரும்பியது. நம் தெருப் பெண் அதற்குள் விலகல் கடிதம் கொடுத்துவிட்டிருந்தாள். அவளுக்குரிய தொகை நான்கு மாதம் கழித்து வங்கிக் கணக்கில் வந்தது. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றதாக எந்தக் கடிதமும் வரவில்லை. அவள் இப்போது உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் கணக்கெழுதுகிறாள்.