வேகத்தை அடக்கும் கைகள்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதி பெலிஹுல் ஓயாவைத் தாண்டிப் பெரகலைக்கு ஏறும் வழியில் இருக்கிறது ஹல்துமுல்லை. கடலுக்கு வெகு தொலைவான இந்த மலைச்சரிவில், பாய்ப்படகில் பேட்டரி மோட்டர் பூட்ட நினைப்பவர் பார்த்துப் பழக வேண்டிய தொழில் ஒன்று நடக்கிறது.

நான் போன பழுதுபார்க்கும் கடையில் மேசை நிறைய மருந்தடிக்கும் மெஷின்கள். மரக்கறித் தோட்டக்காரர்கள் முதுகில் சுமக்கும் டாங்கி. அதன் அடியில் 12 வோல்ட் பேட்டரி, சின்ன மோட்டர், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். லயத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒன்றைத் திறந்து காட்டினார். குமிழை எப்படித் திருப்பினாலும் மோட்டர் முழு வேகத்தில்தான் சுற்றியது.

"மொஸ்பெட் போயிடுச்சு சேர். இது செத்தா பெரும்பாலும் கரண்டை நிறுத்தாது, திறந்தே விட்டுடும்" என்றார்.

மொஸ்பெட் என்ற மின்னணுச் சுவிட்ச் மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை விட்டு விட்டு நிறுத்துகிறது. விடும் நேரம் குறைந்தால் வேகமும் குறையும். முன்பெல்லாம் இடையில் ஒரு கம்பிச்சுருளைப் போடுவார்கள். மோட்டருக்குப் பாதி வோல்ட் கொடுத்தால் மற்றப் பாதி அந்தச் சுருளில் வெறும் சூடாகப் போய்விடும். இரண்டு பேட்டரிகளை மாற்றி இணைத்து 12, 24 வோல்ட் என்று எடுத்தால் வீணில்லை. ஆனால் வேகம் இரண்டுதான்.

புது மொஸ்பெட்டைப் பற்றவைத்ததும் அவர் மோட்டருக்குக் குறுக்கே இருந்த டயோட்டைச் சோதித்தார். கரண்ட் அறுபடும் ஒவ்வொரு முறையும் மோட்டரின் சுருள் எதிர்த்து உதைக்கும்; அந்த உதையை வாங்கிக்கொள்வது டயோட்.

"இதைப் பார்க்காம விட்டா அடுத்த கிழமை திரும்பி வந்துடும் சேர்."

பிறகு பலகையில் படிந்த மருந்துக் கறையைக் கழுவி, காயவைத்து, வார்னிஷ் பூசினார்.

படகுக்கும் இதே மின்சுற்றுதான். வயர் தடிப்பாக வேண்டும், மொஸ்பெட் பெரிதாக வேண்டும், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். மருந்துக் கறைக்குப் பதில் அங்கே உப்பு. மொஸ்பெட் செத்தால் படகு முழு வேகத்தில் பாயும் என்பதால், கைக்கெட்டும் இடத்தில் தனி சுவிட்ச் ஒன்று கட்டாயம்.

தண்ணீரில் நிதானத்துக்குப் பலன் அதிகம். படகின் வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிறது. அதே பேட்டரியில் நான்கு மடங்கு தூரம் போகலாம். பேட்டரிப் படகு புதிதல்ல; 1838இலேயே பொறியியலாளர் யாக்கோபி ரஷ்யாவின் நேவா ஆற்றில் ஒன்றை ஓட்டிக் காட்டினார். நமக்கு அதன் அவசியம் 2022 ஆகஸ்டில் உறைத்தது. அந்த மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, அதை நம்பிப் படகு ஓட்டிய மீனவர்கள் கரையில் தவித்தார்கள்.

மலையகத்து இளைஞர்களைக் கொழுந்துக் கூடையோடும் கொழும்புக் கடை வேலையோடும் மட்டும் சேர்த்து எண்ணும் வழக்கம் இன்னும் போகவில்லை. மட்டக்களப்பு வாவியிலும் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் பேட்டரிப் படகுக்குத் திட்டம் போடுவோர், பயிற்சியாளர்களைத் தேடும்போது இந்தக் கடைகளின் கதவையும் தட்ட வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.