எந்த ரேந்தைக்கு எந்த பாபின்?

மக்களே, கைப்பேசியில் நீ காட்டிய பாபின், அதுதான் நூல் சுற்றிப் பின்னும் குச்சி, அழகுதான். மேலே செதுக்கல், அடியில் கண்ணாடிமணி வளையம். வாங்குமுன் ஒன்று சொல்: அதை வைத்து என்ன ரேந்தை (லேஸ்) பின்னப் போகிறாய்?

அந்த மணி வெறும் அலங்காரம் என்று நினைக்காதே. இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் பக்கத்துப் பின்னலுக்கான பாபின் அது. குச்சி மெலிது, மணியின் கனம்தான் நூலை விறைப்பாகப் பிடிக்கும், பின்னலைக் குத்திவைத்த திண்டின்மேல் குச்சி உருளாமலும் தடுக்கும். அதே நாட்டில் டெவன் பக்கம் ஹானிட்டன் ரேந்தைக்காரர்களிடம் போனால், மணியைக் கழற்றிவிட்டு வா என்பார்கள். அங்கே பூவும் இலையும் தனித்தனித் துண்டு. இணைக்கும்போது, முடிந்த துண்டில் குண்டூசி இருந்த துளை வழியாக நூலை வளையமாக இழுத்து, அதற்குள் இன்னொரு பாபினையே நுழைத்து எடுக்க வேண்டும். மணி இருந்தால் நுழையுமா? அதனால் வழவழவென்று, முனை கூராக, கனமே இல்லாமல் இருக்கும். நூலும் அவ்வளவு சன்னம்; பாரம் தாங்காது. பெல்ஜியத்துக்காரர்களின் பாபினுக்கோ அடியில் குமிழ் உண்டு; மணி தரும் கனத்தை அதுவே தந்துவிடும்.

எது நல்லது என்று மட்டும் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எதற்கு என்றும் சேர்த்துக் கேட்கட்டும். படிப்புக்கும் இதுதான், மாப்பிள்ளைக்கும் இதுதான். சரி, உன் அம்மா காதில் விழப்போகிறது.

நம்ம நாகர்கோவிலில் இந்தக் கைவேலையைத் தொடங்கி வைத்தவர் மார்த்தா மால்ட் அம்மையார். அவர் மகள் எலைசா, மிஷனரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் கற்றுக்கொடுத்தார். அடிமைப்பட்டுக் கிடந்த பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். ஆகவே இதைப் பொழுதுபோக்கு என்று என் முன்னால் சொல்லாதே.

சரி, பின்னும் முறைக்கு வருவோம்: கைக்கு இரண்டே அசைவு. நான்கு நூலில் நடு இரண்டை எடுத்து, இடதை வலதின்மேல் போட்டால் குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின்மேல் போட்டால் முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போனால் துணிபோல அடர்த்தி; கடைசிக் குறுக்கை விட்டால் வலைபோல இளக்கம். பின்னிய இடத்துக் குண்டூசியை அவசரப்பட்டுப் பிடுங்காதே, எல்லாம் சுருங்கிப்போகும்.

நீ டோர்ஷான் ரேந்தையில் தொடங்கு. நூல் தடிமன், கோலம் நேர்கோட்டுக் கட்டம். எளிய மரக்குச்சி போதும். எல்லாம் ஒரே எடையாகப் பார்த்து வாங்கு. இல்லாவிட்டால் பின்னல் ஒருபக்கம் இழுக்கும். மணி வைத்ததும் வேண்டுமா? ஒரு சாண் பின்னிக் காட்டு, காசு நான் தருகிறேன்.