58 டிகிரி

உங்க லேப்டாப்போட அடிப்பக்கத்தை இப்போ ஒரு தடவை தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பா இருந்தா தொடர்ந்து படிங்க. கையை உடனே எடுக்கணும்போல இருந்தா, முக்கியமான ஃபைலையெல்லாம் முதல்ல வேற எங்கேயாவது காப்பி பண்ணிட்டு வாங்க. கட்டுரை எங்கேயும் ஓடிப் போகாது.

நான் அந்தச் சூட்டை மூணு வாரம் கண்டுக்கவே இல்ல. தூத்துக்குடி வெயில்ல எதுதான் சூடா இல்லன்னு விட்டுட்டேன். ஒருநாள் ராத்திரி புராஜெக்ட் ரிப்போர்ட்டை சேவ் பண்ணும்போது ஸ்கிரீன் அப்படியே நின்னுடுச்சு. உள்ளேயிருந்து "டிக்... டிக்..." சத்தம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் 58 டிகிரி. லேப்டாப் டிஸ்குகளுக்குப் பொதுவா சொல்லப்படும் உச்ச வரம்பே 60தான். பக்கத்துல மஞ்சள் நிறத்துல ஒரு எச்சரிக்கை.

எனக்கு வயிறு கலங்கினது ரிப்போர்ட்டுக்காக இல்ல.

2023 டிசம்பர் 17, 18 நம்ம ஊர்ல யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. பீரோவோட கீழ்த்தட்டுல இருந்த ஆல்பம் எல்லாம் ஊறி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. அப்போ நான் செகண்ட் இயர். பிரிக்க முடிஞ்சதையெல்லாம் பிரிச்சு, ஃபோன்ல படம் எடுத்து, லேப்டாப்புல ஏத்தினேன். மொத்தம் 214 படம். பூஞ்சை பிடிச்ச ஒரிஜினலைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசே வரல. "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்மா, இனி எந்தத் தண்ணியும் ஒண்ணும் செய்யாது"ன்னு சொன்னது நான்தான். நான் சொன்னதை நம்பித்தான் அம்மா அந்தக் கட்டை மாநகராட்சிக் குப்பை வண்டியில போட்டாங்க. அப்புறம் ஃபோன்ல இடம் இல்லன்னு அங்க இருந்ததையும் அழிச்சிட்டேன்.

ஆக, இருந்தது ஒரே ஒரு காப்பி. அது இப்போ 58 டிகிரியில.

பதட்டத்துல நான் செஞ்சது எல்லாமே தப்பு. அதை நீங்க செய்யாதீங்க. முதல்ல ஃப்ரீசர்ல வச்ச தண்ணி பாட்டிலைத் துணியில சுத்தி லேப்டாப்புக்கு அடியில வச்சேன். நம்ம கடற்கரைக் காத்துல இருக்கிற ஈரத்துக்கு, குளிர்ந்த இடத்துல எல்லாம் தண்ணி முத்து முத்தா கோர்த்துக்கும். சர்க்யூட்டுக்கு அது சூட்டைவிட மோசம். அடுத்து, டிஸ்க்கை முழுசா செக் பண்ணி ரிப்பேர் செய்யுற ஸ்கேனை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில சூடு 61. படிக்க முடியாத செக்டர் 8 இருந்தது 40 ஆயிருந்தது.

மறுநாள் சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அண்ணன் கேட்டுட்டுச் சிரிச்சாரு. "தம்பி, மூச்சு வாங்கிட்டுக் கிடக்கறவன மலை ஏறச் சொன்னா எப்படி?"

திறந்து காட்டினாரு. ஃபேன் முழுக்கத் தூசி கம்பளி மாதிரி அடைச்சிருந்தது. கனெக்டர்ல பச்சையா உப்புக் காத்து அரிச்ச தடம். டிஸ்க் மேல ஒரு சின்ன ஓட்டை, அதை மூடாதேன்னு எழுதியிருந்தது. உள்ளேயும் வெளியேயும் காத்தழுத்தம் ஒண்ணா இருக்கணும்னு வச்ச ஓட்டை அது. வடிகட்டி தூசியைத் தடுத்துடும், ஆனா காத்துல இருக்கிற ஈரம் மெல்ல உள்ளே போகும். உள்ளே நிமிஷத்துக்கு 5,400 சுத்து சுத்துற தட்டுக்கு மேல, சில நானோமீட்டர் உயரத்துல, தொடாம மிதக்குது ரீட் ஹெட். படிக்க முடியாத இடம் வந்தா அது திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். நான் போட்ட ஸ்கேன் ராத்திரி முழுக்க அதைத்தான் செய்ய வச்சிருக்கு.

இங்க ஒரு விஷயத்தை நாம தப்பா புரிஞ்சு வச்சிருக்கோம். சூடுதான் டிஸ்க்கைக் கொல்லுதுன்னு நினைக்கிறோம். கூகுள் பொறியாளர்கள் 2007-ல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை போட்டாங்க. சாதாரணச் சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு இல்ல. ரொம்ப அதிகச் சூட்டுலயும், வயசான டிஸ்குலயும்தான் அது தெரிஞ்சது. ஆனா ஸ்கேன்ல முதல் பிழை வந்த டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாள்ல சாக 39 மடங்கு அதிக வாய்ப்பு. அதனால டெம்பரேச்சரை மட்டும் பார்த்துட்டு இருக்காதீங்க. ரீஅலோகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் இந்த ரெண்டு எண்ணையும் பாருங்க. அது பூஜ்யத்துலயிருந்து ஏற ஆரம்பிச்சா, டிஸ்க் விடைபெற ஆரம்பிச்சிடுச்சுன்னு வச்சுக்கோங்க.

ஃபேனைச் சுத்தம் பண்ணினதும் சூடு 46-க்கு இறங்குச்சு. ஆனா 40 செக்டர் திரும்பி வரல. லினக்ஸை பென் டிரைவ்ல போட்டு பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூ ஓட்டினோம். அது நல்ல இடத்தையெல்லாம் முதல்ல வேகமா எடுத்துடும். கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், குறிச்சு வச்சுக்கிட்டு, கடைசியிலதான் திரும்பி வந்து முயற்சி பண்ணும். நான் செஞ்சதுக்கு நேர் எதிர்.

அடுத்தது, புதுசா என்ன வாங்குறது? என் லேப்டாப்புல எம்.2 ஸ்லாட் இல்ல. அதனால 2.5 இஞ்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. சுத்துற பாகம் இல்ல, அசைஞ்சாலும் பயமில்ல, ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம். வாங்கும்போது மூணு விஷயம் கவனிங்க. 500 ஜிபி டிஸ்க்கை 480 ஜிபி எஸ்.எஸ்.டி.யில அப்படியே குளோன் பண்ண முடியாது. நான் ஓஎஸ்ஸைப் புதுசா போட்டேன். எஸ்.எஸ்.டி. பல சமயம் "டிக் டிக்"னு எச்சரிக்காமலே ஒருநாள் போயிடும், அழிச்ச ஃபைலை மீட்கிறதும் கஷ்டம். புதுசுன்னு சொல்லி விக்கிறதுல எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு கையில வந்த அன்னிக்கே பாருங்க. பல மாசம் கரன்ட் இல்லாம அலமாரியில வைக்கிறதுக்கு எஸ்.எஸ்.டி. சரிப்படாது. அதுக்காகத் தனியா ஒரு 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன்.

214 படத்துல 209 முழுசா திறந்தது. ரெண்டு திறக்கவே இல்ல. மூணு படத்துல பாதி மட்டும் வந்து, கீழே வெறும் சாம்பல் நிறம். அதுல ஒண்ணு, உப்பளத்துல ஆச்சி நிக்கிற படம். வேற படம் ஆச்சிக்குக் கிடையாது. அம்மாகிட்ட நடந்ததை மறைக்காம சொல்லிட்டுத்தான் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"முகம் இருக்குல்லா. போதும்."

அப்புறம் கேட்டாங்க, "இப்ப இத எத்தன எடத்துல வச்சிருக்க?"

"ரெண்டு எடத்துலம்மா. லேப்டாப்புல ஒண்ணு, இந்தப் பெட்டியில ஒண்ணு."

"ரெண்டும் இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு? ஏல, தண்ணி வந்தா ரெண்டும்தான போவும். மதுரை பெரியம்மாகிட்ட ஒண்ணு குடுத்து வை."

3-2-1 விதின்னு ஒண்ணு உண்டு. பீட்டர் க்ரோக்னு ஒரு புகைப்படக்காரர் பரப்பினது: மூணு காப்பி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வேற ஊர்ல. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நான் அந்தக் கடைசி ஒண்ணை மறந்துட்டேன். அம்மா மறக்கல, ஏன்னா பீரோவைத் திறந்து ஊறின ஆல்பத்தைக் கையில எடுத்தது அவங்கதான்.

பொங்கல் லீவுக்கு மதுரை போறேன். பையில இன்னொரு டிஸ்க் இருக்கும். உங்க மூணாவது காப்பி எந்த ஊர்ல இருக்கு?